பெருங்காயம்

பதினெட்டு மீட்டர். அதற்குப் பிறகு இருட்டு.
எவரிஸ்தோ கீழே போய்விட்டால்
கயிறு மட்டும்தான் பேசும்:
ஒரு இழுப்பு என்றால் சரி,
மூன்று என்றால் தூக்கு.

சிலோவே தீவில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.
படகு விளிம்பில் குனிந்து
உப்புமானியை முக்கி எழுதுகிறாள் யஸ்னா நவுவெல்கின்:
மேலே பதினொன்று. அடியில் முப்பத்திரண்டு.
ஆறு மேலே மிதக்கிறது.
கடல் அதன் அடியில்,
போர்வைக்குள் விழித்திருப்பவன் மாதிரி.

மூன்று இழுப்பு.

குழாய்க்குள் ஏறி வருகிறது
முழங்கை நீளக் கடலடி.
நேற்று விழுந்த தீனி ஒரு விரற்கடை,
அப்புறம் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம்,
அதற்கும் கீழே
கூண்டுகள் வருமுன் இருந்த சாம்பல் களிமண்,
யாரும் தொடாத பக்கம் போல.

சால்மன்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.
நோய் கண்ட மீனுக்குப் பசி இருக்காது.
மருந்து பூசிய உருண்டைகள்
திறக்காத வாய்களைக் கடந்து
மெதுவாக இறங்குகின்றன.

கடலில் கரைத்த பெருங்காயம், அவ்வளவுதான்
என்றார் பண்ணை மேலாளர் பரியென்தோஸ்.
அவர் மொழியில் அதற்கு வேறு சொல்;
தோள்குலுக்கல் இதேதான்.
கையில் அறிக்கை வைத்திருந்தார்:
காய்ச்சி வடித்த நீர், ஜன்னலோர வெயில்,
நான்கே நாளில் மருந்து பாதி.

யஸ்னா அதை மூன்று தடவை படித்தாள்.
கீழே எங்கே இருக்கிறது ஜன்னல்?

பழைய மட்டிக் கிடங்கின் பின்னறையில்
ஆறு ஜாடி, கறுப்புத் துணி சுற்றி.
ஆற்றுநீர் ஊற்றிய சேறு
மருந்தை விடவே இல்லை,
காசை மடக்கிய குழந்தைக் கை.
கடல்நீர் ஊற்றியதில்
உப்பு முண்டியடித்து ஏறிக்
களிமண்ணின் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டது.
நின்றுபோன மருந்தின் கையை
மக்னீசியம் கோத்துக்கொண்டது.
கை கோத்த மருந்துக்குக் கொல்ல வராது.
சாகவும் வராது.
அமிலம் சற்றே கூடினால் பிடி தளரும்,
மழை கூடினால் மறுபடி சேறு,
இப்படியே போக்குவரத்து.

நூற்று நாற்பதாம் நாள் ஜாடியைத் திறந்தாள்.
மூன்றில் ஒரு பங்கு அப்படியே.
கிருமியைக் கொல்லப் போதாது;
பழக்கப் போதும்.

அறிக்கை அனுப்பினாள்.
பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.
அதுவும் இயந்திரம் அனுப்பியது.

எவரிஸ்தோ கையுறையைக் கழற்றுகிறான்.
கட்டைவிரலில் துணி.
வலை அறுக்கும்போது கத்தி நழுவி
ஐந்து வாரம்.
சுகாதார நிலையத்தில்
முதலில் மஞ்சள் மாத்திரை, பிறகு வெள்ளை,
இப்போது காஸ்த்ரோவுக்குப் போகச் சொல்கிறார்கள்.
"சின்னக் காயம்தான்" என்கிறான்,
சேற்றுக் குழாயை மூடிக்கொண்டே.

அந்த விரலையும் இந்தச் சேற்றையும்
ஒரு கோட்டால் இணைக்க
அவளிடம் எண் இல்லை.
படிவத்தில் விரலுக்குக் கட்டமும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறாள்,
அழிக்கிறாள்,
வைக்கிறாள்.

மழை வலுக்கிறது.
உப்புமானியை மறுபடி முக்குகிறாள்.
மேலே ஒன்பது.