நாலு நாள் ஓடிய படம்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர்,
பாறசாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெயர்.
இரண்டு பெயரிலும் நாலே நாள்தான் ஓடியது.
ஐந்தாம் நாள் போஸ்டரை ஆடு தின்றது.

திருவனந்தபுரத்துக் கம்பெனியிலிருந்து பிஜின்
மத்தங்காயில் கண் வெட்டி, வாய் வெட்டி,
உள்ளே மெழுகுதிரி கொளுத்திய போட்டோ அனுப்பி,
"சித்தி, இன்னைக்கு ஹாலோவீன்,
ஆரும் பாக்காத நல்ல பேய்ப்படம் ஒண்ணு சொல்லுங்க" என்றான்.
மத்தங்காய் இங்கே எரிசேரிக்கு.
மெழுகுதிரி நாளை மறுநாள், கல்லறைக்கு.
என்றாலும் சொன்னேன்.

தலை திரும்பாது அதில். சுவரில் ஏறாது.
பேய் பிடித்தவள் அடுக்களைத் தரையில் இருந்து
முருங்கைக்கீரை உருவிக்கொண்டே
கணக்குச் சொல்வாள்:
தாலிச்செயின் குழித்துறையில் எந்த வட்டிக்கடையில்,
ரப்பர் விளையில் அவள் பங்கு எட்டு சென்ட்
எந்தத் தேதியில், யாருடைய பெருவிரலில் போனது.
மாமியாரிடம் தமிழில்,
பத்திரம் எழுதியவரிடம் மலையாளத்தில்,
குரலை உயர்த்தாமல்.
எந்த மொழியில் விரட்டினால் போகும் என்று
உபதேசியாரும் மந்திரவாதியும் முற்றத்தில் தர்க்கிக்கும்போது
சிரித்துவிட்டேன்.
சிரித்த வாயை மூடுமுன்
பிரம்பு விழும் சத்தம்.

படந்தாலுமூட்டில்தான் எடுத்தார்கள்.
கூட்டத்தில் நானும் இருக்கிறேன்,
நீலக்குடை, மூன்று வினாடி.
முந்நூறு ரூபாய், ஒரு பொட்டலம் பிரியாணி.
"பயப்படுங்க, பயப்படுங்க" என்று மைக்கில் கெஞ்சினார்கள்.
பயப்படத் தெரியாமல் நின்றேன்.
அந்த நடிகை, பெயர் கூடத் தெரியாது,
கொச்சிக்கும் சென்னைக்கும் அப்புறம் எங்கும் காணவில்லை,
ஷாட்டுக்கு நடுவே என் பக்கம் வந்து,
"சேச்சி, ஒரு கிளிப்பு தருவியளோ,
முடி கண்ணில் விழுது" என்றாள்.
எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

படத்தின் முடிவைச் சொல்லக் கூடாது, சொல்கிறேன்:
பேய் போய்விடும்.
அவள் எல்லாருக்கும் சாயா கொண்டுவருவாள்.
சர்க்கரை சரியா என்று கேட்பாள்.
சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள்.
ராத்திரி அவளைப் பெற்றவள் மட்டும்
அடுக்களை விளக்கைப் போடாமல் வந்து
மகளின் காதில் குனிந்து கேட்பாள்:
"போயிட்டியா?
இன்னும் சொல்ல வேண்டியது இருக்கே."
அவ்வளவுதான். திரை கறுப்பு.
இதற்குத்தான் நாலு நாள்.

நேற்று ராத்திரி துலாமழை.
போனைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்து
நானும் அக்காளும் பார்த்தோம்.
அக்காள் சோபிதா.
பதினோரு ராத்திரி அவளும் பேசியிருக்கிறாள்,
நெய்யாற்றின்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெபக் கூடத்தில்
தூணில் சாய்த்துக் கட்டி.
என்ன பேசினாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.
அத்தானுக்குத் தெரியும். அத்தான் வேர்த்துப்போய்
வெளியே வந்து பீடி கேட்டார்.
பன்னிரண்டாம் நாள் சுகம் என்றார்கள்.
அன்றிலிருந்து துணி மடிக்கிறாள்,
மடித்ததை உதறி மறுபடி மடிக்கிறாள்.

பிரம்படி வந்தபோது அணைக்கப்போனேன்.
கையைத் தட்டிவிட்டாள்.
அம்மைக்காரி குனியும் இடத்தில்
"ஒண்ணூடே வை" என்றாள்.
வைத்தேன்.
மூன்றாம் தரமும் வைத்தேன்.
வெளியே சந்தைக்கு மீன் லாரி வளைந்தது,
அதன் வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கிற்று.

நாலாம் தரம் அவளே விரலால் நிறுத்தினாள்.
சாயாத் தட்டோடு குனிந்திருக்கிறாள் அவள்,
காதோரம் சிவப்புப் பட்டாம்பூச்சி, ஒரு சிறகு இல்லை.
அக்காளுடையதை அன்றைக்கு
கேட்காமல் குத்திக்கொண்டு போயிருந்தேன்.

"அது எனக்க கிளிப்பு" என்றாள் சோபிதா.

பாட்டரி நாலு சதவீதம்.
"ஓமக்கா" என்றேன்.
"எனக்க கிளிப்பு. அவ எப்படி வச்சா?"
நான் கதவைச் சாத்தி
அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு வந்து இருந்தேன்.