நாற்பத்தோராம் பக்கம்

கவசாக்கியிலிருந்து டெனிஸ்டன் அனுப்பிய பொதியைச்
சுங்கத்தில் ஒருமுறை பிரித்து
மனமில்லாமல் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.
உள்ளே இரண்டரைக் கிலோவில் ஒரு புத்தகம்.
யப்பானிய எழுத்து ஒன்றும் விளங்கவில்லை,
ஆண்டுகளையும் பக்க எண்களையும் மட்டும் வாசித்தேன்.

அட்டைக்குள் தம்பியின் துண்டு:
"அக்கா, கை கழுவிப்போட்டுத் தொடுங்கோ, விலை கூட.
நிமலன் அத்தானுக்கும் காட்டுங்கோ.
நாற்பத்தோராம் பக்கத்துப் புகைக்கூண்டுக்குக் கீழதான்
நான் இரவு வேலைக்கு பஸ் ஏறுறது."

நாற்பத்தொன்றில் பஸ் தரிப்பிடம் இல்லை.
தம்பியும் இல்லை.
பனி மூடிய குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்க
இடையில் ஒற்றை நாணல்
கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது,
முகவரி விசாரிக்க வந்த மாதிரி.

இப்படியே நூற்றிருபது பக்கம்.
எண்ணெய்த் தாங்கிக்குப் பின்னால் நிலா.
அணைக்கட்டின் முதுகில் பாசி.
கைவிட்ட சுரங்க வாசலில்
தண்டவாளத்தைத் தின்றுகொண்டிருக்கும் பன்னம்.
ஓர் ஆளைக் காணோம்.
ஒரு செருப்பு, ஒரு சாப்பாட்டுப் பெட்டி,
காயப்போட்ட ஒரு துவாய்கூட.

இவர் வேலையால் வந்து கை கழுவினார்.
பிறகும் கழுவினார்.
தெல்லிப்பழையில் சீமெந்துக் கல் அரிகிற கை.
பதினெட்டு வருடக் கலவை
விரல் நுனிகளை வழித்தெடுத்துவிட்டது.
போன மாசியில் கடவுச்சீட்டுக்குப் போனபோது
கைரேகை மெசின் மூன்று தரம் மறுத்தது.
நாலாந்தரம் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்கள்,
அவர் விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாராம்.
இந்த வீட்டில் அந்தக் கறுத்தப் பக்கங்களைத்
தடம் விழாமல் புரட்ட
இவரால் மட்டும்தான் ஏலும்.

நிலாவைத் தாண்டிப் போனார். நாணலையும்.
அணைக்கட்டில் நின்றார்.
"பலகையை ஒருநாள் முந்திக் கழட்டிப்போட்டாங்கள்.
மூலையைப் பாரும், தேன்வதை மாதிரி.
கலவையில பிழையில்லை.
ஆரோ அவசரப்படுத்தியிருக்கிறான்."

அதற்குப் பிறகு அந்தப் படத்தில் எனக்கு
ஒருவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
எத்தனை தரம் மூடித் திறந்தாலும்
போகிறானில்லை.

ஞாயிறு பூசை முடிய
புத்தகத்தைச் சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
மோட்டார் சைக்கிளில் காங்கேசன்துறைப் பக்கம் போனோம்.
ஆலைக்குக் கல் எடுத்த கிடங்கு.
கல் போன இடத்தில் தண்ணீர் வந்து குடியிருக்கிறது.
வெட்டிய சுவரில் வரிவரியாய்ச் சிப்பி:
அதுவும் முன்னொரு காலம் கடல்தான்.
மூன்று மொழியிலும் குளிக்காதே என்று ஒரு பலகை,
மூன்றிலும் துரு.

நீலம் என்றால் அப்படியொரு நீலம்,
செலவு பார்க்காமல் ஊற்றின மாதிரி.
வாய் திறந்து "எவ்வளவு வடிவு" என்றுவிட்டேன்.
சொன்ன பிறகுதான் ஞாபகம்:
மாமியின் காணி உறுதியில் வடக்கெல்லை என்று எழுதிய வேலி
அந்த நீலத்துக்கு நடுவில் எங்கேயோ
நிற்கவேண்டும்.

"வடிவாத்தான் கிடக்கு," என்றார் இவர்,
கடன் வாங்கித் தராமல் போனவனின்
புது வீட்டைப் பார்க்கிற குரலில்.

நான் புத்தகத்தை விரித்து
கிடங்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
வெயிலில் பக்கம் முழுக்கப் பளபளத்து
என் முகம்தான் தெரிந்தது.
சுண்ணாம்புத் தூசி மட்டும் வந்து
நாற்பத்தோராம் பக்கத்துப் பனியில் இருந்தது.
ஊதினேன். போகவில்லை.

அப்போதுதான் மீன்கொத்தி.
தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பியில்
வந்து இருந்து, தலையைச் சரித்தது.
இவர் மெல்லப் போனை எடுத்துப்
பெருவிரலை வைத்தார்.
திறக்கவில்லை.
சேட்டில் துடைத்துத் திரும்ப வைத்தார்.
மற்ற விரல். மற்றக் கை.
பறவை பொறுமையாகத்தான் இருந்தது,
குறை சொல்ல முடியாது.
பறித்து நான் இலக்கம் அடித்துத் திறப்பதற்குள்
கம்பி ஆடிக்கொண்டிருந்தது.

படத்தில் விழுந்தது தண்ணீரும்
அதில் ஒரு வளையமும்.

வளையம் கரைக்கு வந்து சேரும்வரை நின்றோம்.
பிறகு பசித்தது.