வெட்டாதே

யால்மர்,
உங்கள் மகள் குன்னெல் எண்ணூறு யூரோவுக்கு
இந்தப் படகை விற்றபோது
சாவியோடு ஒரு மன்னிப்பையும் கொடுத்தாள்:
"உள்ளே போகும்போது மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள்."

ஹாங்கோவில் அப்போது கடல் கெட்டியாக இருந்தது.
கொட்டகைக்குள் கட்டைகள்மேல்
இருபத்தாறு அடி நீளத்துக்குப் படகு.
பூஞ்சை, டீசல், நனைந்து காய்ந்து மீண்டும் நனைந்த கம்பளி.
அந்த வாடை என் தலைமுடியில் ஏறி
வீடுவரை வந்து தலையணையில் தங்கியது.

நான் பல் செய்கிறவள்.
அச்சில் வரும் வாய்களுக்கு
முகம் பார்க்காமலே கடைவாய் வார்ப்பவள்.
வேலையிடத்துக் கொக்கியோடு வந்து
அறையின் பலகைகளை ஒவ்வொன்றாகக் குத்தினேன்.
நல்லது. நல்லது. சொத்தை.
சொத்தை.
நல்லது மாதிரி நடிக்கும் சொத்தை.

கூரைத் துணியை உரித்தேன்.
பின்னால் இருந்த நுரை பொடிப்பொடியாகக்
கழுத்துக்குள், முகமூடிக்குள், காபிக்குள் உதிர்ந்தது.
ஆறு சன்னல், நாற்பத்தெட்டுத் திருகாணி.
பதினொன்று எந்தச் சமாதானத்துக்கும் வரவில்லை.
அவற்றின் தலையை அறுத்தேன்.

உங்கள் படுக்கை உங்கள் உயரத்துக்கு, யால்மர்.
என் கால் ஒரு சாண் வெளியே நின்றது.
பக்கத்துப் பெட்டியின் சுவரைத் துளைத்து
பாதங்கள் மட்டும் தூங்க ஓர் அறை கட்டினேன்.
இந்தப் படகில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்,
நான் அதைப் பார்ப்பதே இல்லை என்றாலும்.

பிறகு மின்பலகை.
திறந்தேன். மூடினேன். வெளியே போய்ப்
பனியைப் பார்த்துவிட்டு வந்து திறந்தேன்.
முப்பத்தொரு கம்பிகள்.
எதிலும் ஒழுங்கில்லை; எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து.
"முன்விளக்கு." "முன்விளக்கு அல்ல." "வானொலி, 1988."
சுவிட்சை மதிக்காமல் பேட்டரிக்கே நேராகப் போன
ஒரு சிவப்புக் கம்பியில் மட்டும்
ஸ்வீடிஷில் ஒரே சொல்: வெட்டாதே.

பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த ஸ்வீடிஷ்.
அந்தச் சொல் புரிந்தது.
புரிந்துதான் வெட்டினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
செத்தவர்களின் எச்சரிக்கை இவ்வளவுதான் என்று
தேநீர் வைத்தேன், உங்கள் கோப்பையில்.

புதுப் பலகை, வரிசையாக எட்டுச் சுவிட்ச்.
மஞ்சள் வெளிச்சம், தொலைபேசிக்கு இரண்டு துளை,
மாரித் தைத்துத் தந்த நீல மெத்தைகள்,
ஏழு பூச்சு வார்னிஷ். என் முகம் தெரிந்தது
மேசையில், சற்று அகலமாக.
மே மாதம் தண்ணீரில் இறக்கினோம்.

ஜூனில் மூன்று நாள் மழை.
நான்காம் நாள் துறையிலிருந்து உர்ஹோ அழைத்தான்:
"உன் மெத்தைகளுக்கு நீந்தத் தெரிகிறதா?"

வெள்ளம் தலைக்கு மேல் போனால்
சாண் என்ன, முழம் என்ன.
எனக்கு முழங்காலுக்குக் கீழேதான்,
அதனால் அளந்து பார்க்க நேரம் இருந்தது.
வாளியால் இறைத்து முடித்து
தரைப்பலகையைத் தூக்கினேன்.
அடிவயிற்றில், எண்ணெய்ச் சேற்றில்,
உள்ளங்கை அளவு ஒரு பம்ப்.
தண்ணீர் ஏறினால் தானே விழிக்கும் மிதவை.
அதிலிருந்து கிளம்பி, பாதி தூரத்தில்
என் வெட்டோடு நின்றது சிவப்புக் கம்பி.

முழு வாக்கியம் எழுதியிருக்கலாம் நீங்கள்.
முழு வாக்கியத்தையும் நான் வெட்டியிருப்பேன்.

மெத்தைகள் காய ஒன்பது நாள்.
கம்பியை ஒட்டினேன். உங்கள் சீட்டை அப்படியே விட்டு
அதன் கீழே ஃபின்னிஷில் எழுதினேன்: உண்மை.

நேற்று முதல் இரவு.
பாதங்கள் தம் அறையில்.
மூன்று மணிக்குத் தரைக்கடியில்
யாரோ தொண்டையைச் செருமினார்கள்,
பதினோரு நொடி. பிறகு வெளியே
தண்ணீர் தண்ணீரில் விழும் ஓசை.

விழித்துக் கிடந்தேன்.
தலைக்கு மேலே ஒரு பழுப்புக் கம்பி,
சீட்டு இல்லாதது,
முன்பக்கம் போய் இருட்டுக்குள் நுழைகிறது.
நான் அதைத் தொடவில்லை, யால்மர்.