செய்யப்படும்

சமுதாயக் கூடத்தில் முந்நூறு நாற்காலி.
முதல் வரிசைக்கு மட்டும் வெள்ளை உறை.
எம்.எல்.ஏ. அம்மா கன்னடத்தில் படிக்கிறார்,
பத்தி முடிந்ததும் என்னைப் பார்க்கிறார்.
நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை.
இங்கே எல்லோருக்கும் கன்னடம் தெரியும்.
கறிக்கடையில், கார்ப்பரேஷன் பள்ளியில்,
பஸ்ஸில் சில்லறைக்குப் போட்ட சண்டையில்
மூன்று தலைமுறையாய்ப் பழகிய கன்னடம்.
மாதேஸ்வரி அக்கா
கனவே கன்னடத்தில்தான் வருகிறது என்பாள்.
ஆனாலும் தமிழில் சொல்வது மரியாதையாம்.
அந்த மரியாதைக்காக மேடை ஏறியவன் நான்,
ஜெராக்ஸ் கடை தேவசகாயம்.
மொழிபெயர்க்கப் பக்கத்துக்கு நூற்றைம்பது,
மேடைக்குத் தனி.

ஆக
ஒவ்வொரு வாக்குறுதியையும் அவர்கள்
இரண்டு முறை கேட்கிறார்கள்.
முதல் முறை கைதட்டுகிறார்கள்.
இரண்டாம் முறை
என் வாயையே பார்க்கிறார்கள்.

கடந்த பதினெட்டு மாதத்தில்
பதினோரு ஆழ்துளைக் கிணறு.
ஏழில் காற்று வருகிறது, அது அறிக்கையில் இல்லை.
அங்கன்வாடிக்குப் புதுக் கூரை.
உண்மை. போய்ப் பார்த்தேன், நல்ல கூரை.
சட்டமன்றத்தில் இருபத்தாறு கேள்வி.
அதுவும் உண்மை. பதில்களைத் தட்டியவன் நான்.
எல்லாப் பதிலுக்கும் கடைசி வரி ஒன்றுதான்:
பரிசீலனையில் உள்ளது.

பக்கம் மூன்று. ராஜகால்வாய்.
போன ஆவணியில் அது ஏறி வந்தபோது
கணபதிப் பந்தலோடு சேர்த்து
எட்டாவது கிராஸ் முழுக்க மிதந்தது.
அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றார்.
போட்டோவுக்கு என்றார்கள் சிலர்.
போட்டோக்காரன் போன பிறகும் நின்றதை
நான் பார்த்தேன்.
அதனால்தான் எனக்குக் கோபம்
சரியாக வருவதில்லை.

"தடுப்புச் சுவர் மாடலாகுவுது."
நிறுத்துகிறார். பார்க்கிறார்.

அந்தச் சொல்லுக்குள் ஆள் இல்லை.
செய்யப்படும். யாரால்?
கன்னடத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை.
இரண்டும் அக்கா தங்கை,
ஒளித்துவைப்பதிலும் ஒரே சாயல்.
நான்கு பக்க அறிக்கையில்
முப்பத்திரண்டு செய்யப்படும்,
தட்டும்போதே எண்ணியிருந்தேன்.
ஒரு செய்வேன் கிடையாது.

கடைசி வரிசையில் மாதேஸ்வரி அக்கா.
அவள் வீட்டுச் சுவரில்
தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது.
காலண்டரை அதற்கு மேலேதான் மாட்டியிருக்கிறாள்.

வாய் நழுவியதா, நான் நழுவவிட்டேனா, தெரியாது.
"மழைக்கு முன்னால் அந்தச் சுவரை
நான் கட்டித் தருவேன்" என்றேன்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
இரண்டு மொழியும் தெரிந்த முந்நூறு பேர்.
ஒருவரும் திருத்தவில்லை.
கைதட்டல் இந்த முறை
இரண்டாவதற்கு வந்தது.

அம்மாவுக்கும் தமிழ் தெரியும்.
இந்தத் தெருக்களில் இரண்டு தேர்தல் ஓட்டுக் கேட்டவர்.
கண்ணாடியைக் கழற்றினார்,
முந்தானையில் துடைத்தார், மறுபடி போட்டார்.
நான் என்ற சொல்
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு மாதிரி
மேடையில் கிடந்தது.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு
தமிழிலேயே கேட்டார்:
"எந்த மழைக்கு முன்னால் என்று சொன்னாய், தேவசகாயம்?"

பிறகு பக்கம் நான்கைத் திருப்பினார்.
முன்னுரிமைகள். மொத்தம் பதினாறு.
பதினாறு பேரும் முதலில் நிற்கிற வரிசையை
ரேஷன் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.
ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தேன்,
செய்யப்படும், செய்யப்படும்,
இனி நழுவக் கூடாது என்று
நாக்கைக் கடித்துக்கொண்டே.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே
மாதேஸ்வரி அக்கா நின்றாள்.
கையில் இரண்டு ரூபாய்.
"மூணாம் பக்கம் ஒரு காப்பி."
கொடுத்தேன். படித்தாள்.
திருப்பி மேஜைமேல் வைத்தாள்.
"இது இல்லை. நேத்து நீ சொன்னது."
"அது அச்சில் இல்லை அக்கா."
"அப்போ கையால எழுதிக் குடு."

பேனா இருந்தது.
எந்த மழை என்றுதான்
இன்னும் எழுதவில்லை.