முக்கால் இஞ்சு

நவ்சாட்டின் தையல் நாடாவில்
வலது பதின்மூன்றே முக்கால்,
இடது பதின்மூன்று.
"நல்லா மடக்குங்க" என்றான்,
வாயில் குண்டூசியோடு.
மடக்கித்தான் இருந்தேன்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
ஒன்பது வருசமாய்க் கொத்து அடிக்கிறேன்.
இரண்டு தகடு, இரண்டு கை, ஒரே சத்தம்
என்றுதான் ஊர் நினைக்கிறது.
வெட்டுவது வலது.
இடது கூடவே குதிக்கும், அவ்வளவுதான்;
கலியாண வீட்டில்
மேளகாரன் பக்கத்தில் கை தட்டும் பிள்ளை மாதிரி.
மாவு பிசைவதும் வலது,
கேஸ் சிலிண்டர் உருட்டுவதும் வலது.
இடதுக்கென்று இருந்த வேலை
போனைப் பிடிப்பது, வேர்வை துடைப்பது.

ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் மனோஜித்தின் ஜிம்.
அவன் என் கையைக் கையாகப் பார்க்கவில்லை.
இந்த எக்ஸசைஸ் மேட்டுக்கு,
இது வெளிப்பக்கத்துக்கு,
இது அடிச்சதைக்கு என்று
கோழிக்கடையில் நெஞ்சு, தொடை, ஈரலுக்குத்
தனித்தனி விலை சொல்வதுபோல் சொன்னான்.
முழங்கை மடிப்புக்கும் சதை தொடங்கும் இடத்துக்கும் நடுவே
வலதில் இரண்டு விரல் வைக்கலாம்,
இடதில் மூன்று.
அந்த ஒரு விரல் இடத்தை நிரப்பித் தருவதாகப் பேச்சு.
மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு.

விடிய ஐந்து மணி.
சரிவுப் பலகையில் முழங்கையைக் கிடத்தி
இரும்பைத் தொட்டால்
முன்பின் தெரியாதவன் கை கொடுத்த மாதிரி இருக்கும்.
அடியை மட்டும் நினை, அடியை மட்டும் நினை என்பான்.
நினைத்தேன்.
கண்ணை மூடி, அந்த ஒரு விரல் இடத்துக்குள்
என்னை முழுசாய் அனுப்பிப் பார்த்தேன்.

ஐந்து மாதம்.
வலது பதினாலரை.
இடது பதின்மூன்றே முக்கால்.
வலது நின்ற இடத்துக்கு இடது வந்து சேர்ந்தபோது
வலது அங்கே இல்லை.
அடியில் மூன்று விரல் மூன்று விரலாகவே இருந்தது.

முழங்கை வலி தாங்காமல் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
பிசியோதெரபி மிஸ் நிலூஷா, பாதித் தமிழில்:
"இதுக்கு ரெண்டு தலை இருக்கு.
ரெண்டும் ஒரே வாலைத்தான் புடிச்சு இழுக்குது.
கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ
கூடக்குறைய வளரும்தான்.
சொன்ன இடத்துல மட்டும் வளர வைக்க ஏலாது.
வால் எங்க ஒட்டுதுங்கிறது
நீங்க பொறக்க முந்தியே முடிஞ்ச வேலை."
சொல்லிவிட்டுத் தன் கைகளை மடித்துக் காட்டினாள்.
அவளுக்கும் இரண்டும் ஒன்றில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
தேயிலை மலை முழுக்க ஒரே மட்டம்.
வளர்ந்து மட்டமானதில்லை அது,
கவ்வாத்துக் கத்தி வந்துபோன மட்டம்.
வலது கையைக் கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்தேன்.
வளைவு வந்தது.
அந்தக் கையாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று இரவு இடதை முன்னுக்கு விட்டேன்.
முட்டைக்கொத்து, ஒன்று.
தகடு கல்லில் இடறியது,
ரொட்டி பெருசு பெருசாய்க் கிடந்தது,
கரட் வெளியே சிந்தியது,
சத்தம் ஒரு காலால் நொண்டியது.
மஸ்கெலியா பஸ் கண்டக்டர்
தேத்தண்ணியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டான்:
"யாரு, புதுப் பொடியனா?"
முதலாளி என்னைப் பார்த்தார்.
"ஆமாண்ணே," என்றேன்,
"இன்னைக்குத்தான் சேர்ந்தான்."

மறுநாள் ஐந்து மணிக்கு
முதலில் இடதுக்குக் கொடுத்தேன்.
எட்டில் நின்றுவிட்டது.
வலதும் எட்டு.
இன்னும் நாலு போகலாம் என்று துடித்தது.
மனோஜித் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரு, என்றேன் அதனிடம்.