கொட்டை எழுத்து

வஞ்சிரத்துக்கும் ஆயிரத்து நூறுக்கும் நடுவே
பதினேழு இடைவெளிகள்.
ஒவ்வொன்றையும் விரலால் தட்டித் தட்டி
விலைகளை வரிசைகட்டியிருந்தாள் ஏகவல்லி.
சங்க அலுவலகத்துப் பழைய கணினியில்
அவை நிமிர்ந்து நின்றன.
கரையில் நின்றவர்களின் கைபேசியிலோ
சங்கரா விலை நெத்திலியிடம் போயிருந்தது.
காரப்பொடிக்கு நானூற்று இருபதா என்று
ஒருவன் ஏலக்கூடத்தில் சண்டைக்கு வந்துவிட்டான்.

நிரல் எழுதித்தான் கட்டம் போடவேண்டும் என்று
காட்டிக்கொடுத்தேன்.
கோணக் குறிகளை, அவற்றின் சாய்கோடுகளை
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.
"இன்னாம்மா இது, முள்ளு முள்ளா கீது.
எடுத்துட்டுக் குடேன்."

காசிமேட்டில் அப்படிக் கேட்பதில் தப்பில்லை.
வெட்டித் தருகிறவர்களுக்குத் தனிக்கூலி உண்டு.

கல்மண்டபத்தில் லேத் பட்டறைக்கு மேலே என் அறை.
இரும்பு கடையும் சத்தத்தில்
மூன்று வாரம் முள்ளெடுத்தேன்.
எழுதும் பெட்டிக்கு மேல் ஆறு பொத்தான்கள்.
தடிமன், சாய்வு, அட்டவணை,
உள்தள்ளல், வண்ணம், செயல்தவிர்.

"இதுல கொட்ட எழுத்து எங்க?"

தடிமனைக் கொட்டை எழுத்து ஆக்கினேன்.
அட்டவணை, கட்டம் ஆனது.
உள்தள்ளலுக்குக் 'கொஞ்சம் தள்ளு'.
செயல்தவிர் எதற்கு என்று விளக்கி முடிக்குமுன்
"அய்யய்யோன்னு வெய்யி" என்றாள்.
வைத்தேன். அதைத்தான் அதிகம் அழுத்தினாள்.

பிறகு எல்லாமே கொட்டை எழுத்து.
எல்லாமே சிவப்பு.
ஐஸ் விலை, டீசல் விலை, சந்தா பாக்கி,
தொலைந்துபோன ஒரு டிபன் கேரியர்
எல்லாம் தேர்தல் சுவராய்க் கத்தின.
எல்லாம் கத்தினால் எது கேட்கும் என்று
எனக்கொரு படிப்பு உண்டு.
அவளிடம் சொல்லாமல்
ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்பை எடுத்துவிட்டேன்.
பக்கம் அழகாக இருந்தது.
வேறு இரண்டு பேருக்கு மாதிரி காட்டினேன்.

ஐப்பசியில் ஓர் இரவு
வயர்லெஸ்ஸில் சேதி வந்திருக்கிறது.
ஃபைபர் படகுகள் மூன்றரைக்குக் கிளம்பிவிடும்.
அவள் இரண்டு நாற்பதுக்குப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள்.
சிவப்பைத் தேடியது பதிவேட்டில் தெரிகிறது:
வண்ணம், வண்ணம், வண்ணம்,
அய்யய்யோ, வண்ணம்.
அப்புறம் பொத்தான்களை விட்டுவிட்டு

போ

கா

தீ

ங்

க

எழுத்துக்கு ஒரு வரி.
நடுவில் எத்தனை வெற்று வரிகளோ,
விடிந்து நான் திறந்தபோது
திரை முழுக்க ஒற்றைப் 'போ' நின்றது.
தள்ளினால் 'கா'.
எந்தக் கைபேசியிலும் அது கோணவில்லை.

நான்கு படகுகள் கயிறு அவிழ்க்கவில்லையாம்.
இதைப் படித்துத்தானா, தெரியாது.
'போ' மட்டும் படித்தவன் எவனும் உண்டா,
அதையும் நான் விசாரிக்கவில்லை.

"செகப்பு எங்க போச்சி?"
பழுது என்றேன்.
ஃபோனில் கொஞ்சநேரம் ஏலக்கூடத்துக் கூச்சல் மட்டும்.
"முள்ள எட்றீன்னா
சதையையும் சேத்து எட்த்துட்ட"
என்று வைத்துவிட்டாள்.

சிவப்பை அன்றே திரும்ப வைத்தேன்.
அதன்பின் அவள் தொடவில்லை.
விலைகள் இப்போது கட்டத்துக்குள் ஒழுங்காய் வருகின்றன,
கொட்டை எழுத்து வஞ்சிரத்துக்கு மட்டும்.

நேற்று கட்டமில்லை. ஒரே வரி:
இன்று ஏலம்                 இல்லை

எண்ணிப் பார்த்தேன்.
பதினேழு.
திருத்தவில்லை.