இருபத்திரண்டு சென்ரிமீற்றர்

அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் செருகிய மேசை.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, கடற்பக்கம் என்று விளம்பரம்;
கடல் தெரியாது, ரயில் கேட்கும்.
ஒன்பது நாற்பது வண்டி போனால்
திரையில் என் குறி நெல்மணி அளவுக்கு நடுங்கும்.
வெடிச்சத்தம் ஹெட்போனுக்குள் மட்டும்:
அது அம்மாவோடு செய்த ஒப்பந்தம்.

"சென்ஸைக் குறை" என்றான் ரிப்தி.
"மணிக்கட்டால விளையாடாத, முழங்கையால விளையாடு."
சொல்வான். தெமட்டகொடையில்
சாப்பாட்டு மேசை முழுசும் அவனுக்கு.
நான் முழங்கையை நீட்டினால் சுவர்.

அடிமட்டம் எடுத்தேன்.
விளையாட்டுக்குள் ஒரு கதவைப் பார்த்து நின்று
மவுஸை மெல்ல இழுத்தேன்,
அதே கதவு மறுபடி வரும்வரை.
முப்பதில் அடிமட்டம் முடிந்தது, உலகம் முடியவில்லை.
எண்ணூறு டிபிஐ, புள்ளி நாலு:
முழுச்சுற்று நாற்பத்தொன்று.
முதுகுக்குப் பின்னால் வருபவனைப் பார்க்க இருபதரை.
சுவர்வரை இருபத்திரண்டு.
மிச்சம் ஒன்றரைக்குள்
என் பதற்றம் எல்லாம் அடங்கவேண்டும்.

கூட்டினால் தலையைத் தாண்டி ஓடும்.
குறைத்தால் தோளோடு நின்றுவிடும்.
இரண்டு வாரம் எண்ணில் கைவைக்காதே என்று
என்னையே எச்சரித்து, பத்தாம் நாள் கைவைத்து,
பதினோராம் நாள் திருப்பி வைத்தேன்.
சுட்டி என்று இதற்குப் பெயர் வைத்தவர்
யோசித்துத்தான் வைத்திருப்பார்:
சுட்டினேனுக்கும் சுட்டேனுக்கும்
ஓரெழுத்துத் தூரம்.

இறுதிப் போட்டி மருதானையில், ஒரு மண்டபத்தில்.
ஆளுக்கு நாலடி மேசை. சக்கரம் வைத்த கதிரை.
இவ்வளவு இடத்தை விடுவதா?
புள்ளி மூன்றாக்கினேன்.

கை நாலடியை நம்பவில்லை.
இல்லாத சுவரில் முட்டி
இருபத்திரண்டில் தானாய் நின்றது.
எதிரி இன்னும் திரையின் ஓரத்தில், பாதி முகமாய்.
இரண்டுக்குப் பத்து.
செனால் ஒன்றும் பேசாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான்.

இடைவேளையில் மறுபடி புள்ளி நாலு.
தண்ணீர்ப் போத்தலை வலப்பக்கம் வைத்தேன்,
அளக்கவில்லை, அளவு தெரியும்.
அதன்பிறகு திரும்பிய இடத்திலெல்லாம்
தலை இருந்தது.

பன்னிரண்டுக்குப் பதினொன்று.
அடுத்த ரவுண்டுக்கு ஏழு விநாடி.
தொண்டை காய்ந்த ரிப்தி
எட்டி என் சுவரை எடுத்து,
மூடி திறந்து,
குடிக்கத் தொடங்கினான்.